ஆசான் யார்? நடிக்கும் உடலுக்குக் கிடைத்த பயிற்சியின் வரலாறு



யார் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ அவருடைய வாழ்வையும் பணியையும் முன்னால் பேசிய தோழர்கள் விரிவாகவே சொல்லிவிட்டார்கள். அவற்றை நாம் திரும்பச் சொல்லப்போவதில்லை. நம்முடைய மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளை இந்த உரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். தலித் நாடகம் என்றால் என்ன, அதை யார் எழுதலாம், எந்த மொழியில் எழுதலாம் என்றெல்லாம் நாம் நிறைய விவாதித்திருக்கிறோம். நடிக்கிற, ஆடுகிற உடல் எப்படித் தயாராகிறது, அதற்குப் பயிற்சி கொடுத்தவர்கள் யார் என்று கேட்டது குறைவு.

இன்று ஊருக்கு ஊர் நாடகப் பட்டறை நடக்கிறது. எல்லோரையும் வட்டமாக நிற்கவைக்கிறார்கள். மூச்சைக் கவனி, காலைத் தரையில் ஊன்று, எதிரே நிற்பவரின் அசைவைக் கண்ணாடிபோல அப்படியே செய் என்கிறார்கள். ஒரு சொல்லைக் கொடுத்து, யோசிக்காமல் நின்ற இடத்திலேயே ஒரு காட்சி கட்டு என்கிறார்கள். இதற்கு இம்ப்ரவைசேஷன் என்று பெயர். எழுதிவைத்த வசனம் இல்லாமல், உடம்பையும் அந்த நேரத்துப் புத்தியையும் மட்டும் நம்பிச் செய்வது. பட்டறைக்கு வரும் மாணவர்களில் பலர் இதெல்லாம் மேலைநாட்டிலிருந்து வந்த புது முறை என்று நினைக்கிறார்கள். அதில் ஒரு பகுதி உண்மை. மீதியை நாம் தேடிப் பார்க்க வேண்டும். தேடும்போது சாதி நம் எதிரே வந்து நிற்கிறது.

சாதி நடத்திய பாடம்

உடற்பயிற்சி பட்டறையில் தொடங்குவதாகச் சொல்கிறார்கள். நம்முடைய அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கிற மண்ணில் குழந்தையின் உடம்புக்கு முதல் பயிற்சியைச் சாதிதான் கொடுக்கிறது. தோளில் கிடக்கும் துண்டை எந்த இடத்தில் எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், எந்தத் தெருவில் செருப்பைக் கையில் பிடிக்க வேண்டும், எங்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டும், யார் எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் நின்று எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதெல்லாம் தினமும் நடந்த ஒத்திகை. அதைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. தவறினால் அடி விழுந்தது.

இது வாய்வழக்காக மட்டும் இருந்ததா? எழுத்திலும் இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் தமது ‘இந்தியாவில் சாதி’ நூலில் அந்தத் தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியால் மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. எட்டில் ஏழு தடைகள் உடம்பைப் பற்றியவை.

1931இல் வேறு தடைகளும் சேர்ந்தன. தங்கள் திருமணத்தில் அவர்கள் மேளம் வைக்கக் கூடாது, தாலி கட்டும் முன் குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது, பிள்ளைகளைப் படிக்கவைக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. கவனித்துப் பாருங்கள். ஊராரின் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிக்க வேண்டியவர்கள் யாரோ, அவர்களுடைய சொந்தத் திருமணத்தில் மேளம் கூடாது. கை வாசிக்கலாம், வாசித்தே ஆக வேண்டும். ஆனால் எப்போது, யாருக்காக வாசிப்பது என்பதை அந்தக் கைக்கு உரியவர் முடிவு செய்ய முடியாது. கலைக்கும் சாதித்தொழிலுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ராமநாதபுரத்துத் தடைகளுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1927 டிசம்பரில், மகாட் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களைப் பார்த்துப் பேசினார். சேலை கட்டும் முறையிலும் அணியும் நகையிலும் சாதி அடையாளம் தெரியும்படி இருக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த மாநாட்டிலேயே பெண்கள் கணுக்கால் வரை இறங்கும்படி சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள் என்பது வரலாறு. நாம் அதைச் சீர்திருத்த அறிவுரை என்று படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். உடலைப் பற்றிய பயிற்சியாக அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். சாதி பழக்கிவைத்த ஓர் உடம்பு, தானே முடிவெடுத்துத் தன் நிலையை மாற்றிக்கொள்கிறது. ராமநாதபுரத்துத் தடைகள் எந்த மாற்றத்தைக் கண்டு பயந்து விதிக்கப்பட்டன என்பதும் இப்போது புரியும். அங்கேயும் மக்கள் சட்டை போடத் தொடங்கியிருந்தார்கள். குடை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். செய்யாத ஒன்றை யாரும் தடை செய்ய மாட்டார்கள்.

சான்றிதழ் யாருக்கு?

அதே பத்தாண்டில் சென்னையில் வேறொன்று நடந்தது. சதிர் என்று அழைக்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் புதிய மேடைக்கு வந்தது. 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ராவாக வளர்ந்த நிறுவனம் தொடங்கப்பட்டது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பரம்பரையாக நட்டுவாங்கம் செய்துவந்த இசை வேளாளர் மரபினர். 1947இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தது, ஒழிய வேண்டியதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தை உடம்பில் வைத்திருந்த பெண்கள் பெரும்பாலோர் மேடையிலிருந்து மறைந்தார்கள். பாலசரஸ்வதிபோல் நிலைத்து நின்றவர்கள் மிகச் சிலர். ஆட்டம் பாடத்திட்டமானது, தேர்வும் பட்டயமும் வந்தன. ‘பயிற்சி பெற்றவர்’ என்ற சொல் புதிதாக வந்தவர்களைக் குறிக்கத் தொடங்கியது.

இது தலித் மக்களின் கதை இல்லை. ஆனால் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு கலையை அடிப்படைப் பாடங்களாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, யாரும் கற்கலாம் என்று ஆக்குவது நல்ல காரியம். அதைச் செய்யும்போது அந்தக் கலையைக் காப்பாற்றி வந்தவர்கள் கதவுக்கு வெளியே நிற்கும்படி ஆகிவிடலாம். பயிற்சி நிறுவனம் வந்தால் விடுதலை வந்துவிடும் என்று நாம் நம்பிவிட முடியாது. நிறுவனத்தில் நாற்காலி யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பெயர்கள் வேலை செய்கிற விதத்தையும் பாருங்கள். கச்சேரியில் பாடகர் ஒரு வரியை எடுத்துக்கொண்டு அந்த நேரத்துக் கற்பனையால் விரித்துப் பாடினால் அது மனோதர்மம். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்று இரவுதான் சந்திக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் தெரியும்; மற்றபடி விடியவிடிய எதிராளியின் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் கட்ட வேண்டும். பஃபூன் அந்த ஊர்ச் செய்தியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றைக்கே நகைச்சுவையாக்குகிறார். தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் அதுதான்: மன்னன் வேடத்துக்கு எதிரே நின்று, ஊர் நிலவரத்தை இழுத்துவந்து போட்டு, கூட்டத்தின் சிரிப்பைக் கேட்டு அடுத்த வார்த்தையை முடிவு செய்கிறார். உலகத்து நாடகப் பள்ளிகள் இம்ப்ரவைசேஷன் என்று சொல்லிக்கொடுக்கும் திறமை இது. இதை நம் படித்த உலகம் என்னவென்று சொன்னது? வாய்க்கு வந்ததைப் பேசுவது என்றது, கொச்சை என்றது. ஒரே திறமைக்கு ஓர் இடத்தில் மனோதர்மம் என்றும் இன்னோர் இடத்தில் கொச்சை என்றும் பெயர் வைத்தது எது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பட்டறை வந்த வழி

நடிகருக்கு முறையான பயிற்சி என்பது தமிழ் மண்ணுக்குப் புதியதும் அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்கள் கம்பெனியிலேயே தங்கி, பாட்டும் வசனமும் நடையும் வேடமும் கற்றார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் அப்படி வந்தவர்கள். கண்டிப்பும் அடியும் நிறைந்த பயிற்சிதான், ஆனாலும் பயிற்சி. கூத்துக் குழுக்களிலும் அடவு, பாட்டு, முகவீணைக்கும் மத்தளத்துக்கும் ஈடு கொடுத்து ஆடும் மூச்சு எல்லாம் சிறுவயதிலிருந்தே இரவு முழுவதும் கூடவே நின்று கற்றவை.

நாம் இன்று பட்டறை என்று சொல்கிற வடிவம் 1970களின் பிற்பாதியில் தமிழ்நாட்டில் பரவியது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சி முகாம் நவீன நாடகத்துக்கு ஒரு திருப்பம். சே. ராமானுஜம் அதன் பின்னணியில் முக்கியமானவர். அதே ஆண்டில் ந. முத்துசாமியும் நண்பர்களும் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்கள். நவீன நடிகருக்குத் தேவையான உடம்பு கூத்தில் இருக்கிறது என்று முத்துசாமி கண்டுகொண்டார். புரிசை கண்ணப்ப தம்பிரானிடம் நகரத்து நடிகர்கள் அடவு கற்றார்கள். 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை இன்னொரு திருப்பம். மேடை வேண்டாம், திரை வேண்டாம், விளக்கு வேண்டாம், நடிகரின் உடம்பே மரமும் சுவரும் பேருந்தும் ஆகும் என்று அவர் காட்டினார். அங்கே கலந்துகொண்டவர்கள் வழியாக வீதி நாடகம் தமிழ்நாட்டில் வேர்பிடித்தது.

பாதல் சர்க்காரின் முறை எங்கிருந்து வந்தது? வங்கத்து ஜாத்திரையிலிருந்து ஒரு பகுதி. அமெரிக்காவின் ரிச்சர்ட் ஷெக்னர், போலந்தின் கிரோட்டோவ்ஸ்கி ஆகியோரின் முயற்சிகளிலிருந்து ஒரு பகுதி. கிரோட்டோவ்ஸ்கியோடு வேலை செய்த யூஜீனியோ பார்பா 1963இல் கேரள கலாமண்டலத்துக்கு வந்து கதகளி மாணவர்களின் பயிற்சியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். அதிலிருந்து சில பயிற்சிகள் போலந்து நடிகர்களின் அன்றாடப் பயிற்சியில் சேர்ந்தன. ஆக, இந்தியாவிலிருந்து ஐரோப்பா போய், அமெரிக்கா சுற்றி, கொல்கத்தா வழியாகத் திரும்பி வந்த சரக்கும் நம் பட்டறையில் கலந்திருக்கிறது. கலை இப்படிப் பயணம் போவதில் குற்றமில்லை. பயணத்தின் ஒவ்வொரு ஊரிலும் நவீன இயக்குநரின் பெயர் நின்றது. அடவு சொல்லிக்கொடுத்தவர்கள் ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்ற பொதுப்பெயருக்குள் போய்விட்டார்கள். கண்ணப்ப தம்பிரானைப்போல் பெயர் நிலைத்தவர்கள் குறைவு.

ஆனாலும் இந்தப் பட்டறைகள் செய்த ஒரு காரியத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது. அது தொடுதல். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்கிறார். மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு எந்திரம் ஆகிறார்கள். ஒருவர் முதுகில் இன்னொருவர் காலை வைக்கிறார். மேலைநாட்டில் இதற்கு நம்பிக்கைப் பயிற்சி என்று பெயர். நடிகர்கள் கூச்சம் விடுவதற்காகச் செய்வது. நம் ஊரில் இதன் பொருள் வேறு. யாரைத் தொடலாம், யாருடைய கால் யார்மீது படலாம் என்று ஆயிரம் கட்டளை போட்டிருக்கும் சமூகத்தில், சேரிப் பையனின் கையில் ஊர்ப் பையன் கண்ணை மூடிச் சாய்வது அரசியல் செயல். அதைச் சொல்லிச் செய்தால் பட்டறை மனிதரை மாற்றும். சொல்லாமல் விளையாட்டாக முடித்துவிட்டால், பட்டறையில் தொட்டவர்கள் சாப்பாட்டு வரிசையில் பிரிந்து நிற்பார்கள்.

நடிப்புப் பயிற்சியில் ‘நடுநிலை உடல்’ என்று ஒன்றைப் பேசுவார்கள். பழக்கங்களையெல்லாம் கழற்றிவைத்துவிட்டு வெறும் மனித உடலாக நில் என்பார்கள். பிரான்சில் லெக்கோக் தம்முடைய பள்ளியில் முகபாவம் இல்லாத முகமூடியைப் போடவைத்து இதைக் கற்பித்தார். பயனுள்ள பயிற்சிதான். ஆனால் பழக்கத்தைக் கழற்றச் சொல்கிறவர், அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். ஒரு மாணவி தோளைக் குறுக்கி நின்றால் ‘நிமிர்ந்து நில், கூச்சப்படாதே’ என்று சொல்வது எளிது. அந்தக் குறுகலில் அவளுடைய பாட்டியின் மேலாடையைத் தடுத்த கட்டளையும் இருக்கலாம். அதைப் பேசாமல் முதுகுத்தண்டை மட்டும் திருத்த முடியாது.

மராத்தியத்தில் ஒரு முடிவு

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர்கள் மராத்தியத் தலித் மக்கள். தமாஷா என்ற நாட்டுப்புற நிகழ்ச்சியில் ஆட்டமும் லாவணியும் கேள்வி பதிலும் உண்டு. வசனத்தின் பெரும்பகுதி நின்ற இடத்தில் கட்டப்படுவது. ஆடியவர்கள் பெரும்பாலும் மகர், மாங் சாதிகளைச் சேர்ந்தவர்கள். புகழ்பெற்ற லாவணிக் கவிஞர் பட்டே பாபுராவ் பிராமணர். அவருடன் ஆடிப் புகழ்பெற்ற பவளா மகர் பெண். 1920களின் இறுதியில் தமாஷா வருமானத்தை இயக்கத்துக்குத் தர பாபுராவ் முன்வந்தபோது அம்பேத்கர் வாங்க மறுத்தார். நம் பெண்களை ஆடவைத்து வரும் பணம் நம் விடுதலைக்கு வேண்டாம் என்பது அந்த மறுப்பின் பொருள். ‘சாதியின் ஆபாசம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஷைலஜா பைக் 2022இல் எழுதிய நூல் தமாஷாப் பெண்களின் வரலாற்றை விரிவாகப் பேசுகிறது. அந்த மறுப்பினால் ஆடிய பெண்களே இயக்கத்துக்குள் இடமின்றி நின்ற வேதனையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கதை அங்கே முடியவில்லை. 1930களில் பீமராவ் கர்டக் போன்றவர்கள் அம்பேத்கரிய ஜல்சாக்களை நடத்தினார்கள். தமாஷாவின் உடம்பை எடுத்துக்கொண்டார்கள்: பாட்டு, தாளம், எதிரெதிர் நின்று வாதாடும் முறை. சொல்கிற செய்தியை மாற்றினார்கள்: தீண்டாமை, கல்வி, வதன் என்ற அடிமை ஊழியம். ஊர் ஊராகப் போய் எழுத்தறியாத மக்களிடம் இயக்கத்தைக் கொண்டுசேர்த்தார்கள். மறுப்பும் மீட்பும் ஒரே பத்தாண்டுக்குள், ஒரே இயக்கத்தில் நடந்தன. இரண்டும் எதிரிகள் என்று நினைத்துக்கொண்டு நாம் சண்டை போடுகிறோம்.

பறை: விடுவதும் எடுப்பதும்

நம்முடைய சண்டை பறையைப் பற்றியது. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் பறையடிக்கும் கட்டாயத்துக்கு எதிராகப் போராடினார்கள். பல சேரிகளில் பறையைக் கீழே போட்டார்கள். அதற்காக அடியும் ஊர்விலக்கும் வாங்கினார்கள். அந்தத் தலைமுறை பெற்ற உரிமையால்தான் பலருடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பிறகு 1990–91இல் அம்பேத்கர் நூற்றாண்டு எழுச்சியோடு பறை விடுதலைக் கலையாக மேடைக்கு வந்தது. கே. ஏ. குணசேகரன் தன்னானே குழுவோடு பாடினார். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனார். ‘பலி ஆடுகள்’ எழுதினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். மதுரையில் தலித் ஆதார மையம் கலைவிழாக்கள் நடத்தியது. திண்டுக்கல்லில் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் இளம் பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்தது. ஆண்கள் மட்டுமே எடுத்த பறையைப் பெண்கள் தோளில் மாட்டி ஆடியபோது, சாதியோடு சேர்த்து ஆண்மையின் பிடியும் தளர்ந்தது.

ஆனால் பறையைக் கீழே போட்ட தாத்தாக்கள் கேட்டார்கள்: நாங்கள் எதற்கு அடிபட்டோம்? மறுபடியும் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கிறீர்களே? நியாயமான கேள்வி. ‘கலை’ என்ற ஒரு சொல்லால் அதைத் தள்ளிவிட முடியாது. இதற்குப் பதிலைப் பயிற்சி என்பதன் பொருளில் தேட வேண்டும் என்று நினைக்கிறோம்.

பறைப் பயிற்சி எப்படி நடக்கிறது? முதலில் கையில் பறை கிடையாது. காலும் வாயும்தான். அடியை வாயால் சொல்லிக்கொண்டே கால் வைக்கக் கற்கிறார்கள். பிறகு குச்சிகள்: வலுவான பூவரசங்கம்பில் அடிக்குச்சி, மெல்லிய மூங்கிலில் சுண்டுக்குச்சி. தீ மூட்டித் தோலைக் காய்ச்சி ஓசை ஏற்றக் கற்க வேண்டும். காய்ச்சல் மிஞ்சினால் தோல் கிழிந்துபோகும். சப்பரத்து அடி, ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, பாடம் அடி, ஜாயிண்ட் அடி, சினிமா அடி என்று ஒவ்வொன்றாக வருகின்றன. ‘பாடம் அடி’ என்ற பெயரைக் கவனியுங்கள். ‘பாடம்’ என்ற சொல் பறைக்குள்ளேயே இருந்திருக்கிறது. ‘சினிமா அடி’ என்ற பெயரையும் கவனியுங்கள். காலத்துக்கு ஏற்பப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் கலை இது. வட்டமாக ஆடும்போது முன்னால் ஆடுகிறவர் ஒரு பார்வையால், குச்சியின் ஒரு தூக்கலால் அடியை மாற்றுகிறார். மொத்தக் குழுவும் அடுத்த காலடியில் மாறுகிறது. யார் வேண்டுமானாலும் முன்னால் வரலாம். வந்தவர் வழி நடத்தலாம். கேட்டல், கவனித்தல், அந்தக் கணத்தில் முடிவெடுத்தல் என்று நாடகப் பட்டறை சொல்லிக்கொடுக்கும் மூன்றும் இதற்குள் இருக்கின்றன.

சாதித்தொழிலில் இல்லாதது இந்த முடிவெடுத்தல்தான். வாசிப்பதற்குள் ஆயிரம் நுணுக்கம் காட்டலாம். வாசிக்க வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. பயிற்சி என்பது விரும்பிச் சேர்வது; விரும்பினால் விட்டுவிலகுவது; கற்றதைத் தன் விருப்பப்படி மாற்றுவது. இந்த மூன்று உரிமையும் இருக்கும் இடத்தில் பறை கலை. ஒன்று இல்லாவிட்டாலும் அது பழைய ஊழியத்தின் புதிய சட்டை. எனவே தாத்தாக்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: நீங்கள் வாங்கித்தந்த ‘மாட்டேன்’ என்ற உரிமையை வைத்துக்கொண்டுதான் இந்தப் பிள்ளைகள் பறையை எடுக்கிறார்கள். அந்த உரிமை இல்லாத ஊரில் பறையைக் கீழே வைப்பதே இன்னும் சரியான போராட்டம்.

கடல் தாண்டி ஒரு சான்று

1972இல் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரைக் கறுப்பு மக்களின் போராட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். உடல் பயிற்சியின் வரலாற்றிலும் அங்கிருந்து நமக்கு ஒரு பெயர் உண்டு: கேத்தரின் டன்ஹம். அமெரிக்கக் கறுப்பின ஆட்டக் கலைஞர், மானிடவியல் படித்தவர். 1935இல் கரீபியத் தீவுகளுக்குப் போய், ஹைத்தி மக்களின் சடங்கு ஆட்டங்களை அவர்களோடு ஆடிக் கற்றார். அடிமைகளின் வழிவந்தோர் காப்பாற்றிய அசைவுகளை ஒரு பயிற்சி முறையாக ஆக்கினார். பறையில் நாம் காண்பதுபோல, முழவும் உடம்பும் பிரியாத முறை அது. 1940களில் நியூயார்க்கில் அவர் நடத்திய பள்ளியில் வெள்ளை நடிகர்களும் வந்து கற்றார்கள். 1944இல் லூயிவில் நகரில் கறுப்பர்களைத் தனியே உட்காரவைத்த அரங்கில் ஆடி முடித்ததும், இந்தப் பிரிவினை ஒழியும்வரை இங்கே திரும்பி ஆடவரமாட்டேன் என்று கூட்டத்திடம் அறிவித்தார். புகழின் உச்சிக்குப் பிறகு, 1967இல் ஏழைக் கறுப்பு மக்கள் வாழும் கிழக்கு செயின்ட் லூயியில் பயிற்சி மையம் தொடங்கினார்; தெருவில் நின்ற இளைஞர்களுக்கு ஆட்டமும் முழவும் சொல்லிக்கொடுத்தார். 1992இல், 82 வயதில், ஹைத்தி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்புவதை எதிர்த்து 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். கற்ற இடத்துக்குப் பட்ட கடனை அவர் மறக்கவில்லை. அவர் கையாண்ட முறையின் அறமாக இதைத்தான் நாம் பார்க்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதைவிட நாம் கவனிக்க வேண்டியது ‘ஆசான்’ என்ற சொல். மக்கள் வைத்த பெயர் அது. சிலம்பத்துக்கும் வைத்தியத்துக்கும் வழங்கிய சொல் பறைக்கும் வழங்குகிறது. ஆனால் ஒரு விருது ஆயிரம் பேரின் நிலையை மாற்றாது. நகரத்தில் வார இறுதியில் பறை கற்பவருக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது. கிராமத்தில் அதே பறையை வைத்திருப்பவரை இன்னும் ‘ஏய்’ என்று கூப்பிடுகிறார்கள். இந்த இரண்டு காட்சிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் நம் வேலை.

எனவே களத்தில் நிற்கும் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேண்டுகோள்கள். பட்டறை நடத்தும்போது எந்த அசைவு, எந்த அடவு, எந்த அடி யாரிடம் கற்றது என்று பெயர் சொல்லித் தொடங்குங்கள். ஊர்க் கலைஞரைக் கற்பிக்க அழைத்தால், இயக்குநருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தையும் அதே நாற்காலியையும் கொடுங்கள். அழைப்பிதழில் ‘குழுவினர்’ என்று போடாமல் பெயரைப் போடுங்கள். தொடுதல் பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசுங்கள். யாருக்குக் கூசியது, ஏன் கூசியது என்று கேளுங்கள். பெண்களுக்கு முன்வரிசை கொடுங்கள். பல்கலைக்கழகங்களில் நாடகம் படிக்கும் மாணவர்கள் பறையாட்டமும் கூத்தும் ‘நாட்டுப்புற’ விருப்பப் பாடமாக நின்றுவிடாமல், நடிப்பின் அடிப்படைப் பாடமாக வரவேண்டும் என்று கேளுங்கள். எந்த ஊரிலாவது பறையடிக்க மறுத்தவர்கள் தாக்கப்பட்டால், மேடையில் பறையடிக்கும் நாம்தான் முதலில் அங்கே போய் நிற்க வேண்டும். மறுப்பவர் பக்கம் நிற்காதவருக்கு மேடையில் அதை அடிக்க உரிமை இல்லை.

உடம்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இந்தச் சமூகம் நம் மக்களுக்கு நூற்றாண்டுகளாகக் கட்டளை போட்டது. குடை பிடிக்காதே என்றது, பிடித்தார்கள். மேளம் வைக்காதே என்றது, வைத்தார்கள். அந்த மீறல்களைச் செய்தவர்களிடம் எந்தப் பள்ளியின் சான்றிதழும் இல்லை. நம் பட்டறைகளுக்கு முதல் ஆசான்கள் அவர்கள்தான். அவர்களிடம் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது.

ஜெய்பீம்.